அவர்கள் கல்யாணம் நின்றது; பந்தல் நம் தலையில் விழுந்தது!



2018 பிப்ரவரி 21, 22 தேதிகள் உங்களுக்கு நினைவிருக்கிறதா? தமிழ்நாட்டில் ஏர்செல் சிம் வைத்திருந்தவர்களின் கையில் இருந்த செல்போன் திடீரென்று வெறும் கைக்கடிகாரமாகிப் போனதே, அந்த நாட்கள்! மணி காட்டியது. வேறெதுவும் செய்யவில்லை. சென்னையிலும் கோவையிலும் மற்ற ஊர்களிலும் ஏர்செல் அலுவலக வாசல்களில் ஜனங்கள் கூடி நின்றார்கள். உள்ளே இருந்த ஊழியர்களுக்குப் பதில் தெரியவில்லை. மறு மாதம் தங்களுக்குச் சம்பளம் வருமா என்பதே அவர்களுக்குத் தெரியாது. பிறகு எங்கே நமக்குப் பதில் சொல்வது?

ஒரு கோடிக்கும் அதிகமான தமிழ்நாட்டுச் சந்தாதாரர்கள்! கடை வைத்திருக்கும் சகோதரரே, உங்கள் கடை போர்டில் பெயிண்டில் எழுதியிருந்த எண் அதுதான். பில் புத்தகத்தில் அச்சடித்திருந்த எண் அதுதான். துபையிலும் தம்மாமிலும் இருக்கும் மகன் வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து உம்மாவைக் கூப்பிடுகிற எண் அதுதான். வங்கியில் கொடுத்திருந்த எண், ஆதாரில் ஏற்றியிருந்த எண், ஜி.எஸ்.டி.க்குப் பதிவு செய்த எண் எல்லாமே அதுதான்!

'கம்பெனி திவாலாகி விட்டது, டவர்காரனுக்கு வாடகை பாக்கி, அவன் அணைத்து விட்டான்' என்று டீக்கடையில் பேசிக்கொண்டோம். பொய்யில்லை. ஆனால் அது கதையின் கடைசிப் பக்கம். அந்தக் கதையின் முக்கியமான பக்கம் ஐந்து மாதங்களுக்கு முன்பே, 2017 அக்டோபர் 1ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை எழுதப்பட்டு விட்டது. அன்றுதான் அனில் அம்பானியின் ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ், 'ஏர்செல்லுடன் செய்யவிருந்த இணைப்பு இருதரப்புச் சம்மதத்துடன் காலாவதியாகி விட்டது' என்று அறிவித்தது.

அந்தச் செய்தியை நம்மில் எத்தனை பேர் படித்தோம்? படித்தவர்களில் எத்தனை பேர் 'இது நம் கடை வாசல் வரை வரப்போகும் தீ' என்று உணர்ந்தோம்? எழுதும் நானும் உணரவில்லை. பத்திரிகையின் வணிகப் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போய்விட்டேன். அதை ஒப்புக்கொண்டு விட்டுத்தான் மற்றவர்களைக் கேள்வி கேட்க வேண்டும்.

மஹருக்குப் பதில் கடன்!

இந்த இணைப்பு எப்படிப்பட்டது என்பதைக் கொஞ்சம் பாருங்கள்.

ஏர்செல் தமிழ்நாட்டில் பிறந்த கம்பெனி. 1999ல் சிவசங்கரன் தொடங்கியது. பின்னர் மலேசியாவின் மேக்சிஸ் நிறுவனம் 2006ல் 74 சதவிகிதத்தை வாங்கியது. தமிழ்நாட்டில் முதலிடம் வரை வந்தது. சென்னை சூப்பர் கிங்ஸ் வீரர்களின் சட்டையில் கூட அதன் பெயர்தான். நம் இளைஞர்கள் எத்தனை பேர் சாலையோரம் குடை நட்டு அதன் சிம்மை விற்றுக் குடும்பம் நடத்தினார்கள்!

ரிலையன்ஸோ 2003ல் 501 ரூபாய் கட்டினால் செல்போன் என்று சொல்லி, ரிக்‌ஷாக்காரர் கையிலும் மீன்காரம்மா கையிலும் போனைக் கொடுத்த கம்பெனி. அந்த நன்மையை மறுக்கக் கூடாது. 2005ல் அண்ணன் தம்பி பாகப்பிரிவினையில் அது தம்பி அனிலுக்கு வந்தது. 2008 ஜனவரியில் அதன் பங்கு 800 ரூபாயைத் தாண்டியது. 'ரிலையன்ஸ் பங்கு வாங்கினால் மண்ணைத் தொட்டாலும் பொன்' என்று சொல்லி நம் வியாபாரிகள் சிலரும் சேமிப்பைக் கொட்டினார்கள்.

இந்த இரண்டையும் கெடுத்தது எது? கடன்! 2010ல் மத்திய அரசு 3ஜி அலைக்கற்றையை ஏலம் விட்டது. 13 வட்டாரங்களுக்கு ஏர்செல் சுமார் 6,500 கோடி ரூபாய்க்கு ஏலம் எடுத்தது. அதே எண்ணிக்கை வட்டாரங்களுக்கு ரிலையன்ஸ் சுமார் 8,585 கோடி. அந்த ஏலத்தில் அரசுக்குக் கிடைத்தது 67,000 கோடிக்கு மேல். பணம் எங்கிருந்து வந்தது? வங்கிகளிடமிருந்து. அதாவது நீங்களும் நானும் போட்டு வைத்த பணம், கம்பெனி வழியாக, அரசாங்கக் கஜானாவுக்குப் போயிற்று. வட்டி மட்டும் கம்பெனியின் கழுத்தில் தங்கிவிட்டது. வட்டி ஏன் ஹராம் என்று கேட்கும் கல்லூரிப் பிள்ளைகளுக்கு நான் இனி ஏழாம் நூற்றாண்டு அரபுக் கடனாளியை உதாரணம் காட்டப் போவதில்லை. ஏர்செல்லைக் காட்டினால் போதும்!

2016 செப்டம்பர் 5ஆம் தேதி அண்ணன் முகேஷின் ஜியோ சந்தைக்கு வந்தது. பேச்சும் இலவசம், இணையமும் இலவசம். டிசம்பர் வரை என்று சொன்னார்கள். பிறகு 2017 மார்ச் 31 வரை என்று நீட்டினார்கள். ஜியோ வந்த ஒன்பதாம் நாள், செப்டம்பர் 14ல், ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸும் ஏர்செல்லும் 'இணைகிறோம்' என்று அறிவித்தன. ஆளுக்குப் பாதிப் பங்கு. ஆளுக்கு 14,000 கோடி ரூபாய் கடனைப் புதுக் கம்பெனியின் தலையில் ஏற்றி வைப்பது. ஆக, பிறக்கும்போதே 28,000 கோடி கடனுடன் ஒரு பிள்ளை!

நம் வழக்கத்தில் நிக்காஹ் என்றால் மஹர் கொடுக்க வேண்டும். இங்கே மாப்பிள்ளையும் பெண்ணும் ஆளுக்கொரு கடன் பத்திரத்தைக் கொண்டு வந்து பந்தலில் உட்கார்ந்தார்கள். அதை நாட்டின் பெரிய இணைப்பு என்று பத்திரிகைகள் கொண்டாடின!

அறிவிப்புக்குப் பிறகு என்ன ஆயிற்று? செபி சம்மதித்தது, பங்குச் சந்தைகள் சம்மதித்தன, போட்டி ஆணையம் சம்மதித்தது. மூவரும் சம்மதித்தும் கல்யாணம் நடக்கவில்லை. 2017 ஜனவரியில் ஏர்செல்-மேக்சிஸ் வழக்கில் மேக்சிஸ் அதிபர் ஆனந்த கிருஷ்ணன் ஆஜராகாததைக் கண்ட உச்ச நீதிமன்றம், ஏர்செல்லின் அலைக்கற்றையையே முடக்க வேண்டி வரும் என்று எச்சரித்தது. தொலைத்தொடர்புத் துறை ஆட்சேபம் சொன்னது. பாக்கி வரவேண்டிய கம்பெனிகள் தீர்ப்பாயத்தின் கதவைத் தட்டின. எரிக்சன் என்ற ஸ்வீடன் நாட்டுக் கம்பெனி, ரிலையன்ஸையே திவாலாக அறிவிக்கக் கோரி மனுப் போட்டது. 'எங்கள் பாக்கியைக் கொடுக்காமல் நீ எப்படி இன்னொருவரோடு குடித்தனம் போகலாம்' என்பது அவர்கள் வாதம். கொடுத்தவன் கேட்கிறான். அதில் தவறென்ன? இந்த இடத்தில் நான் கடன் கொடுத்தவர்கள் பக்கம்தான்.

கல்யாணம் நின்றபோது யார் என்ன சொன்னார்கள்?

சகோதரர்களே, இதுதான் நீங்கள் கவனிக்க வேண்டிய இடம். ஒரு வீட்டில் மையித் விழுந்தால் யார் யார் எதற்காக அழுகிறார்கள் என்பதைப் பார்த்தால் அந்த வீட்டின் யோக்கியதை தெரிந்துவிடும்.

கம்பெனி என்ன சொன்னது? சட்டச் சிக்கல், அனுமதித் தாமதம், சுயநலக்காரர்களின் குறுக்கீடு, கடும் போட்டி, வங்கிகள் கடன் தர மறுப்பது! இத்தனை காரணங்களை அடுக்கிவிட்டு, 'எங்களிடம் அலைக்கற்றை இருக்கிறது, டவர் இருக்கிறது, நவி மும்பையில் நிலம் இருக்கிறது' என்று கடன்காரர்களுக்குத் தைரியம் சொன்னது. அந்த அறிவிப்பு யாருக்கு எழுதப்பட்டது என்று பாருங்கள். பங்குதாரருக்கும் வங்கிக்கும்! சிம் வாங்கியவனுக்கு அதில் என்ன செய்தி இருந்தது?

பங்குச் சந்தை என்ன சொன்னது? மறுநாள் காந்தி ஜெயந்தி விடுமுறை. செவ்வாய்க்கிழமை சந்தை திறந்ததும் ரிலையன்ஸ் பங்கு சரிந்தது. ஒரு காலத்தில் 800 ரூபாய்க்கு மேல் விற்றது, இருபது ரூபாய்க்கும் கீழே கிடந்தது. தொலைக்காட்சியில் கோட்டுப் போட்டவர்கள் 'இப்போது விற்கலாமா, வைத்திருக்கலாமா' என்று விவாதித்தார்கள்.

வங்கிகளின் கவலை, சுமார் 45,000 கோடி ரூபாய் கடனுக்கு டிசம்பர் வரை கொடுத்த கெடு என்னாகும் என்பது. போட்டிக் கம்பெனிகளின் கவலையோ, உதிரப்போகும் சந்தாதாரர்களை யார் முதலில் பொறுக்குவது என்பது.

அரசாங்கம்? அதே அக்டோபர் 1ஆம் தேதி தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், ஒரு கம்பெனியின் அழைப்பை இன்னொரு கம்பெனி ஏற்றுக்கொள்வதற்கான கட்டணத்தை நிமிடத்துக்கு 14 காசிலிருந்து 6 காசாகக் குறைத்த உத்தரவு அமலுக்கு வந்தது. புதிதாக வந்து அழைப்புகளை வெளியே அனுப்பிக் கொண்டிருந்த ஜியோவுக்கு லாபம். பழைய கம்பெனிகளுக்கு நஷ்டம். இதற்கெல்லாம் கணக்குப் போட நேரமிருந்தது. இணைப்பு முறிந்துவிட்டதே, இனி இந்தக் கோடிக்கணக்கான ஜனங்களின் எண்கள் என்னாகும் என்று கணக்குப் போட நேரமில்லை!

பொதுமக்களில் சிலர் 'அண்ணனே தம்பியை ஒழித்துவிட்டான் பார்' என்று சினிமா பார்ப்பது போல் ரசித்தார்கள். நம் இளைஞர்கள் ஜியோ சிம்மைப் போட்டுக்கொண்டு, 'இலவசமாக ஒருத்தன் தருகிறான், எவன் செத்தால் நமக்கென்ன' என்றார்கள். ஒரு கடையில் உட்கார்ந்து இதைப் பற்றிப் பேச்செடுத்தபோது முதலாளி சொன்னார்: "ஹஜ்ரத், பெரிய இடத்துச் சண்டை. நமக்கு எதுக்கு? நீங்க டீ குடிங்க." குடித்தேன்.

ஐந்து மாதம் என்ன செய்தார்கள்?

அக்டோபர் 1ல் இணைப்பு முறிந்தது. நவம்பரில் சீன வளர்ச்சி வங்கி ரிலையன்ஸ் மீது திவால் மனுத் தாக்கல் செய்தது. டிசம்பர் தொடக்கத்தில் ரிலையன்ஸ் தன் குரல் சேவையை மூடியது. 2018 ஜனவரி 30ல் ஏர்செல் குஜராத், மகாராஷ்டிரா உள்ளிட்ட ஆறு வட்டாரங்களில் கடையைக் கட்டியது. பிப்ரவரி 21, 22ல் தமிழ்நாடு இருண்டது. பிப்ரவரி 28ல் ஏர்செல் தானே மும்பைத் தீர்ப்பாயத்தில் திவால் மனுக் கொடுத்தது. மார்ச் 1ல்தான் டிராய் 'எல்லாச் சந்தாதாரருக்கும் எண் மாற்றக் குறியீடு கொடு, ஏப்ரல் 15 வரை அது செல்லும்' என்று உத்தரவு போட்டது.

ஆக, வீடு எரிந்து முடிந்த பிறகு வாளி வந்தது!

ஐந்து மாதங்கள்! படியாகப் படியாக இடிந்து கொண்டிருந்ததை எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவனும் பார்த்திருக்கலாம். டிராய்க்குத் தெரியாதா? தொலைத்தொடர்புத் துறைக்குத் தெரியாதா? தெரியாது என்றால் அவர்களுக்கு அந்த நாற்காலி எதற்கு? தெரிந்தும் சும்மா இருந்தார்கள் என்றால் அதற்கு என்ன பெயர்?

'பிடிக்கவில்லை என்றால் வேறு கம்பெனிக்கு மாறிக்கொள்ள வேண்டியதுதானே, 2011லிருந்து அந்த வசதி இருக்கிறதே' என்பார்கள். இந்த வாதத்தின் லட்சணத்தைப் பாருங்கள். மாற வேண்டுமென்றால் என்ன செய்ய வேண்டும்? அதே சிம்மிலிருந்து 1900 என்ற எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்ப வேண்டும். சிக்னலே செத்துக் கிடக்கும் சிம்மிலிருந்து எப்படி அனுப்புவது? கிணற்றில் விழுந்தவனைப் பார்த்து, 'மேலே ஏறி வந்து கயிறு வாங்கிப் போ' என்பது போன்றதுதான் இது!

சட்டத்தில் உள்ள ஓட்டையையும் புரிந்துகொள்ளுங்கள். ஒரு கம்பெனி முறைப்படி அறிவித்துச் சேவையை மூடுவதென்றால் சந்தாதாரருக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும் என்று விதி உண்டு. ஆனால் அது 'மூடுகிறேன்' என்று சொல்லாமல், டவர் வாடகை கட்டாமல், விளக்கு தானாக அணையும்படி விட்டுவிட்டால்? யார் யாருக்கு எப்போது சொல்வது? தமிழ்நாட்டில் நடந்தது இதுதான்.

அது எந்தக் காலம் என்பதையும் மறக்க வேண்டாம். 2016 நவம்பர் 8ஆம் தேதி இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்றார்கள். 'செல்போனே இனி உன் பணப்பை' என்றார்கள். 2017 ஜூலை 1ல் ஜி.எஸ்.டி. வந்தது, கணக்கைத் திறக்க வேண்டுமென்றாலும் செல்போனுக்கு வரும் ரகசிய எண் வேண்டும். 'சிம்மை ஆதாருடன் இணைக்காவிட்டால் துண்டித்து விடுவோம்' என்று நாள்தோறும் மிரட்டல் குறுஞ்செய்தி வந்தது. இவ்வளவையும் ஒரு பத்து இலக்க எண்ணின் மேல் கட்டச் சொன்ன அரசாங்கம், அந்த எண்ணைச் சுமந்து நின்ற கம்பெனி சாய்ந்தபோது வேடிக்கை பார்த்தது.

சில்லறைக் கடைக்காரனின் பணம் யாருக்கு?

ரீசார்ஜ் கடை வைத்திருக்கும் தம்பிகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கடைக்காரர் விநியோகஸ்தரிடம் முன்பணம் கட்டுவார். அந்தத் தொகை அவருடைய கடை சிம்மில் பேலன்ஸாக ஏறும். வாடிக்கையாளர் வந்தால் அதிலிருந்து பத்து, ஐம்பது, நூறு என்று ஏற்றிவிட்டுச் சொற்பக் கமிஷன் எடுத்துக்கொள்வார். அதாவது கடைக்காரரின் ரொக்கம் கம்பெனியிடம் அமானிதமாக இருக்கிறது. வாடிக்கையாளர் முன்கூட்டிப் போட்டு வைத்த பேச்சுக் காசும் அப்படியே. இன்னும் வழங்காத சரக்குக்கு வாங்கிய பணம்! நம் மார்க்கச் சட்டம் படித்தவனுக்கு அது கம்பெனியின் சொந்தப் பணமாகத் தெரியாது. ஆனால் திவால் சட்டத்தின் கணக்கில் இவர்களெல்லாம் வரிசையின் கடைசியில் நிற்கும் கடன்காரர்கள். முதலில் வங்கி.

எரிக்சன் கதையை இதோடு வைத்துப் பாருங்கள். அந்தக் கம்பெனிக்கு 550 கோடி தருவதாக ரிலையன்ஸ் ஒப்புக்கொண்டது. தரவில்லை. எரிக்சன் உச்ச நீதிமன்றம் சென்றது. 2019 பிப்ரவரி 20ல், அனில் அம்பானி நீதிமன்றத்தை அவமதித்தார், நான்கு வாரத்தில் மீதி 453 கோடியைக் கட்டு, இல்லையேல் மூன்று மாதம் சிறை என்று தீர்ப்பு வந்தது. கெடு முடிவதற்குள், மார்ச் 18ல் பணம் வந்தது. அண்ணனுக்கும் அண்ணிக்கும் தம்பி பகிரங்கமாக நன்றி சொன்னார்.

நல்லது. உரியவனுக்கு உரியது கிடைத்தது. நான் கேட்பதெல்லாம், பஸ் நிலையத்துக்கு எதிரே பெட்டிக்கடையில் இரண்டாயிரம் ரூபாய் பேலன்ஸ் வைத்திருந்த நம் தம்பிக்கு எந்த உச்ச நீதிமன்றம், எந்த வக்கீல், எந்த அண்ணன்?

அமெரிக்காவிலும் ஒரு கல்யாணம் நின்றது

'இணைப்பு முறிந்ததுதான் எல்லாவற்றுக்கும் காரணம். அதை நடக்க விட்டிருந்தால் ஏர்செல் பிழைத்திருக்கும்' என்று இன்றும் சிலர் சொல்கிறார்கள். 28,000 கோடி கடனோடு, இலவசமாகக் கொடுக்கும் ஜியோவுக்கு எதிரே அந்தக் குழந்தை எத்தனை நாள் தாக்குப் பிடித்திருக்கும் என்பதை வியாபாரிகளான நீங்களே சொல்லுங்கள். இணைப்பு முறிந்தால் ஜனங்கள் நடுத்தெருவில் நிற்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. அதற்கு அமெரிக்காவிலிருந்து ஓர் ஆதாரம் தருகிறேன்.

2011 மார்ச் 20ல் ஏ.டி. அண்ட் டி. என்ற பெருங்கம்பெனி, நான்காவது இடத்தில் இருந்த டி-மொபைலை 3,900 கோடி டாலருக்கு வாங்கப் போவதாக அறிவித்தது. 'இணைந்தால்தான் கிராமங்களுக்கெல்லாம் புது இணைய வசதி தர முடியும், நாட்டு மக்களில் 97 சதவிகிதம் பேரை எட்டுவோம்' என்றார்கள். ஆனால் அவர்களுடைய வக்கீல் அலுவலகத்தின் கடிதம் ஒன்று தவறுதலாக வெளியாகி விட்டது. 80 சதவிகிதத்திலிருந்து 97 சதவிகிதம் போக 380 கோடி டாலர் போதும் என்று அதில் இருந்தது. 380 கோடி செலவைத் தவிர்க்க 3,900 கோடி கொடுப்பவன் உலகத்தில் உண்டா? போட்டியாளனை விழுங்கத்தான் அந்தக் காசு என்று விமர்சகர்கள் பிடித்துக்கொண்டார்கள்.

2011 ஆகஸ்ட் 31ல் அமெரிக்க நீதித்துறை வழக்குத் தொடுத்தது. நான்கு பெரிய கம்பெனிகள் மூன்றானால் விலை ஏறும், தரம் குறையும் என்றது. டிசம்பர் 19ல் ஏ.டி. அண்ட் டி. பின்வாங்கியது. ஒப்பந்தப்படி 300 கோடி டாலர் ரொக்கமும் கொஞ்சம் அலைக்கற்றையும் டி-மொபைல் தரப்புக்குக் கொடுக்க வேண்டியதாயிற்று. ஆக, அங்கே கல்யாணம் நின்றபோது நஷ்டஈடு பெண் வீட்டுக்குப் போனது. அந்த அலைக்கற்றையும் சேர்ந்து, டி-மொபைல் எழுந்து நின்றது. 2013ல் இரண்டாண்டுக் கட்டாய ஒப்பந்த முறையைத் தூக்கி எறிந்து, மற்ற கம்பெனிகளையும் அந்த வழிக்கு இழுத்தது. வாடிக்கையாளன் வாழ்ந்தான்.

அமெரிக்காவைப் புகழ்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். அதே டி-மொபைல் 2020 ஏப்ரல் 1ல் ஸ்பிரிண்ட் கம்பெனியை விழுங்கியது, நான்கு மூன்றாயிற்று. 2011ல் கூடாது என்றது 2020ல் கூடும் என்றாயிற்று! நீதிக்கும் அங்கே பருவகாலம் உண்டு போலும்.

ஆனால் 2011 விஷயத்தில் நம்மைப் போன்ற சமுதாய அமைப்புகள் வெட்கத்தோடு படிக்க வேண்டிய பாடம் ஒன்று இருக்கிறது. அந்த இணைப்பை ஆதரித்துக் கடிதம் எழுதியவர்களில் கறுப்பின மக்களின் நூறாண்டு கண்ட அமைப்பான என்.ஏ.ஏ.சி.பி.யும் இருந்தது. தொலைபேசிக் கம்பெனிக்கும் கறுப்பின விடுதலைக்கும் என்ன சம்பந்தம்? ஏ.டி. அண்ட் டி. அந்த அமைப்புக்கு நன்கொடை கொடுத்து வந்தது என்ற சம்பந்தம்தான். இப்படிக் கடிதம் கொடுத்த வேறொரு அமைப்பில் உறுப்பினர்கள் கொதித்தெழுந்து, 2011 ஜூனில் தலைவரே பதவி விலக நேர்ந்தது. நாளை நம் மாநாட்டு மேடைக்கு ஏதாவது கம்பெனி ஜெனரேட்டரும் பந்தலும் போட்டுத் தருகிறேன் என்று வந்தால், பதிலுக்கு என்ன கேட்கும் என்பதை நம் நிர்வாகிகள் இப்போதே யோசித்து வைப்பது நல்லது. இதை எழுதினால் சிலருக்குக் கோபம் வரும் என்று தெரியும். வரட்டும்.

இன்று நிலவரம் என்ன?

ஒரு காலத்தில் ஒரே ஊரில் ஏழெட்டுக் கம்பெனிகளின் சிம் கிடைத்தது. இன்று தனியாரில் ஜியோ, ஏர்டெல், வோடஃபோன் ஐடியா என்று மூன்றே மூன்று. அதிலும் மூன்றாவது, கட்டவேண்டிய பாக்கியை அரசுக்குப் பங்காக மாற்றிக் கொடுத்து மூச்சு விடுகிறது. 2025ல் அதன் பங்கில் சுமார் பாதி அரசின் கைக்கு வந்துவிட்டது.

2024 ஜூலையில் மூன்று கம்பெனிகளும் ஒரே வாரத்தில் கட்டணத்தை உயர்த்தின. 2016ல் இலவசமாக வாங்கிய இளைஞனே, எங்கே உன் இலவசம்? இணையம் முன்பைவிட எவ்வளவோ மலிவு, நம் பிள்ளைகள் அதில்தான் படிக்கிறார்கள் என்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன். 2016க்கு முன் ஒரு ஜிபிக்கு இருநூறு ரூபாய்க்கு மேல் கொடுத்தோம். அந்தக் கொள்ளைக்குத் திரும்ப வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. போட்டியாளர்கள் ஒழிந்த பிறகு விலையை நிர்ணயிப்பவன் யார் என்றுதான் கேட்கிறோம்.

அந்தக் கட்டண உயர்வுக்குப் பிறகு சில மாதங்கள் ஜனங்கள் பி.எஸ்.என்.எல்.லுக்குத் திரும்பினார்கள். அங்கே என்ன நிலை? தனியார் 2022 அக்டோபரில் 5ஜி தொடங்கினார்கள். அரசு நிறுவனத்துக்கு நாடு தழுவிய 4ஜியே 2025 செப்டம்பரில்தான் தொடங்கி வைக்கப்பட்டது! சொந்த வீட்டுப் பிள்ளைக்குக் கடைசியில் சோறு போடுகிற அரசாங்கம் இது. எந்தத் தனியார் கம்பெனி சாய்ந்தாலும் ஜனங்கள் ஒதுங்க ஒரு திண்ணையாவது வேண்டாமா? அந்தத் திண்ணையைப் பெருக்கி வைக்கக்கூட மனமில்லை.

என்ன செய்யலாம் என்று கேட்கிறீர்களா? டிராய் ஒவ்வொரு முடிவுக்கும் முன்பு கருத்துக் கேட்பு அறிக்கை வெளியிடுகிறது. யார் வேண்டுமானாலும் எழுதலாம். கம்பெனிகள் கட்டுக் கட்டாக எழுதுகின்றன. நம் வணிகர் சங்கங்களில் எத்தனை சங்கம் ஒரு பக்கமாவது எழுதியிருக்கிறது? ஜமாஅத் கூட்டத்தில் மினாரா விளக்குக்கு மூன்று மணி நேரம் விவாதிக்கிறோம்!

அடுத்த சங்கக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாகக் கொண்டு வாருங்கள். கடைக்காரரும் வாடிக்கையாளரும் முன்கூட்டிக் கட்டிய பணத்தைக் கம்பெனி தனிக் கணக்கில் வைக்க வேண்டும். திவாலானாலும் அதில் வங்கி கை வைக்கக் கூடாது. ஒரு கம்பெனி டவர் வாடகை கட்டத் தவறினாலே, இணைப்பு முறிந்தாலே, சிக்னல் சாவதற்கு முன்பு எண் மாற்றக் குறியீடு தானாகச் சந்தாதாரருக்கு வர வேண்டும். இதைத் தமிழிலேயே எழுதி, ஆங்கிலம் தெரிந்த நம் கல்லூரித் தம்பி ஒருவரைக் கொண்டு மொழிபெயர்த்து, சங்க முத்திரை போட்டு டிராய்க்கு அனுப்புங்கள். ஒரு நகலை உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்கும் அனுப்புங்கள். பதில் வந்தாலும் வராவிட்டாலும் எங்களுக்குத் தெரிவியுங்கள். இதே பக்கத்தில் ஊர்ப் பெயரோடு வெளியிடுகிறோம்.

அதுவரை, கடை போர்டில் ஒரே ஒரு எண்ணை மட்டும் எழுதியிருப்பவர்கள், இரண்டாவதாக வேறொரு கம்பெனியின் எண்ணையும் பெயிண்டரை அழைத்து எழுதிக்கொள்ளுங்கள்.